மதுரையில் வார இறுதிக்குக் குடும்பத்தோடு தங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளி இரவு வண்டியேறி, சனியும் ஞாயிறும் மதுரையில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் திரும்பிவிட வேண்டும் என்று திட்டமிடும் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. ஊருக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் எங்களிடம் முதலில் கேட்பது "நாள் வாடகை எவ்வளவு?" என்பதைத்தான். ஆனால் குடும்பத்தோடு வருபவர்களின் செலவைத் தீர்மானிப்பது அந்த ஓர் எண் மட்டுமல்ல. எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், அறையிலிருந்து கோயிலுக்கு நடந்து போக முடியுமா, ஓர் அறையில் எத்தனை பேரை அனுமதிக்கிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் மொத்தத் தொகையை முடிவு செய்கின்றன. கீழே உள்ள பதில்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்தே சொல்லப்பட்டவை.

எந்தப் பகுதியில் அறை எடுப்பது நல்லது?

முதல் முறையாக வரும் குடும்பமாகவும், மீனாட்சி அம்மன் கோயிலே முக்கிய நோக்கமாகவும் இருந்தால், ரயில் நிலையத்துக்கும் கோயிலின் மேலக் கோபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு, மேல மாரட் வீதி, மேல வெளி வீதி, காக்காத்தோப்புத் தெரு ஆகிய இடங்களில் சாதாரண லாட்ஜ் முதல் லிஃப்ட், ஏசி வசதியுள்ள நடுத்தர விடுதி வரை நெருக்கமாக இருக்கின்றன. ஓரிடத்தில் அறை பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலில் கேட்கலாம். ரயில் நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் பக்கத்திலேயே உள்ளன. கோயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை.

இந்த நடை தூரம் ஏன் முக்கியம் என்பது இங்கே வந்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது. கோயில் நடை பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் சாத்தப்பட்டால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட அந்த மூன்றரை மணி நேரம் மதுரை வெயிலில் வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது? அறை பக்கத்தில் இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்து எழுந்து, முகம் கழுவி, மாலையில் மறுபடியும் போகலாம். இரவு சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும் பள்ளியறை பூஜையையும் அவசரமின்றிப் பார்க்கலாம். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை என்பதால், அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வர முடிவதும் ஒரு நிம்மதி. பொருள் பாதுகாப்பு அறையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மாட்டுத்தாவணியில், எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தைச் சுற்றி, புதிய கட்டடங்களில் அமைந்த விடுதிகள் பல இருக்கின்றன. ஒரே வாடகைக்கு நகரின் நடுப்பகுதியைவிடச் சற்றுப் பெரிய அறையும் புதிய குளியலறையும் இங்கே கிடைப்பதுண்டு. ஆனால் கோயில் இங்கிருந்து ஆறு, ஏழு கிலோமீட்டர். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று போய்வந்தால் நான்கு ஆட்டோ சவாரி. ஆறு பேருக்கு ஓர் ஆட்டோ போதாது. மிச்சப்படுத்திய வாடகை அதிலேயே கரைந்துவிடும். நகரப் பேருந்தில் போகத் தயார் என்றால் கணக்கு மாறும்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் போவதற்கும், திருச்சி வழியில் பேருந்தில் ஊர் திரும்புவதற்கும் மாட்டுத்தாவணி வசதியானது.

அண்ணா நகர், கே.கே. நகர்ப் பகுதிகள் அமைதியானவை. சொந்த வாகனம் உள்ளவர்களுக்கும் எட்டு, பத்துப் பேராக வருபவர்களுக்கும் பொருந்தும். தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து காரில் வருபவர்கள் காளவாசல், பைபாஸ் ரோடு பகுதியைப் பார்க்கலாம்.

அதிகாலையில் வந்து இறங்குகிறோம். இரண்டு நாளைக்கு எத்தனை நாள் வாடகை கேட்பார்கள்?

குடும்பங்கள் அதிகம் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு: நீங்கள் எப்போது வந்தாலும் பன்னிரண்டு மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். மற்றொன்று, 24 மணி நேரக் கணக்கு: அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள். பெரிய விடுதிகளும் செயலி வழியாக அறை தரும் விடுதிகளும் பெரும்பாலும் முதல் வகை. ரயில் நிலையத்தை ஒட்டிய லாட்ஜ்களில் இரண்டாவது வகை இன்னும் பரவலாக இருக்கிறது.

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் சனிக்கிழமை காலை ஐந்தரை மணி வாக்கில் இறங்குகிறார்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் அதே வண்டியில் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணிக் கணக்கில், சனி காலை ஆறு மணிக்கு அறை கேட்டால் அன்று பகலோடு ஒரு நாள், ஞாயிறு பகலோடு இரண்டாம் நாள், ஞாயிறு இரவு வரை அறை வேண்டுமென்றால் மூன்றாம் நாள். 24 மணி நேரக் கணக்கில் இதே தங்கலுக்கு இரண்டு நாள் வாடகைதான். ஆகவே நாளுக்கு ரூ.1,400 என்று சொல்லும் முதல் வகை அறைக்கு ரூ.4,200 ஆகும்போது, நாளுக்கு ரூ.1,800 என்று சொல்லும் இரண்டாம் வகை அறைக்கு ரூ.3,600 தான் ஆகிறது. (இவை கணக்கை விளக்க எடுத்துக்கொண்ட தொகைகள்.) வாடகை கூடுதலாகத் தெரிந்த அறைதான் இங்கே மலிவு.

பன்னிரண்டு மணிக் கணக்குள்ள விடுதிதான் பிடித்திருக்கிறது என்றால், முன்பதிவின்போதே சீக்கிரம் உள்ளே விடுவார்களா, அதற்கு அரை நாள் வாடகை போதுமா என்று கேட்டு, அவர்கள் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். "காலியாக இருந்தால் தருகிறோம்" என்ற பதிலை நம்பி, கைக்குழந்தையோடு காலை ஆறு மணிக்கு வரவேற்பறை நாற்காலியில் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருப்பது பெரிய துன்பம்.

24 மணி நேரக் கணக்கில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வரவேற்பு மேசையில் உள்ள பதிவேட்டில் பெயர், முகவரி, வந்த ஊர், போகும் ஊர், ஆள் எண்ணிக்கை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் "வந்த நேரம்" என்ற கட்டத்தைச் சில இடங்களில் உங்களை நிரப்பச் சொல்ல மாட்டார்கள்; மேசையில் இருப்பவரே பிறகு எழுதிக்கொள்வார். அட்வான்ஸ் ரசீதில் அந்த நேரம் எழுதப்பட்டிருக்கிறதா, நீங்கள் வந்த நேரம்தானா என்று பார்த்து, ரசீதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டது, இன்னொரு நாள் வாடகை கொடுங்கள் என்ற பேச்சு எழுந்தால், அந்த ரசீதில் உள்ள நேரம்தான் பேசும்.

நாங்கள் ஆறு பேர்: தாத்தா, பாட்டி, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். ஒரு பெரிய அறையா, இரண்டு சிறிய அறைகளா?

வயதானவர்கள் உடன் இருந்தால், வாடகை சற்றுக் கூடினாலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளே மேல் என்பது எங்கள் கருத்து. காரணம் கட்டில் அல்ல, குளியலறை. காலையில் தரிசனத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்றால் கடைசி ஆள் குளித்து முடிப்பதற்குள் எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் வரிசையும் நீண்டிருக்கும். தாத்தாவுக்கு இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். பிள்ளைகள் பத்து மணிக்கு மேலும் விளக்கை அணைக்க விடமாட்டார்கள்.

பிள்ளைகள் பத்து வயதுக்குள் இருந்து, பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் மூன்று படுக்கை அறை ஒன்று தாராளமாகப் போதும். நான்கு படுக்கை, ஐந்து படுக்கை கொண்ட ஃபேமிலி ரூம்கள் ரயில் நிலையப் பகுதி லாட்ஜ்களில் உண்டு. இவற்றைச் செயலிகளில் தேடினால் பல நேரம் கண்ணில் படாது; தொலைபேசியில் கேட்டால்தான் "இருக்கிறது" என்பார்கள். எக்ஸ்ட்ரா பெட் என்று சொன்னால் அது கட்டிலா, தரையில் விரிக்கும் மெத்தையா என்று கேளுங்கள். பெரும்பாலும் மெத்தைதான், மூட்டு வலி உள்ளவர்களால் அதிலிருந்து எழ முடியாது. எத்தனை வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பது விடுதிக்கு விடுதி மாறும். செயலியில் பதிவு செய்யும்போது பிள்ளைகளின் வயதை மறைத்து இரண்டு பேர் என்று போட்டுவிட்டு நேரில் ஆறு பேராக நின்றால், அந்த நேரத்தில் அவர்கள் சொல்லும் தொகைதான் தொகை. உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிப் பதிவு செய்வதே மலிவாக முடியும்.

எட்டுப் பேருக்கு மேல் வருபவர்கள் கே.கே. நகர், அண்ணா நகர், ஐயர் பங்களா போன்ற குடியிருப்புப் பகுதிகளில் நாள் வாடகைக்கு விடப்படும் சர்வீஸ் அப்பார்ட்மெண்டுகளைப் பார்க்கலாம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை என்று இருக்கும்; குழந்தைக்குப் பால் காய்ச்சவும் பத்தியச் சாப்பாடு செய்யவும் உதவும்.

எந்த வார இறுதிகளில் அறை கிடைப்பது கடினம்?

பயணத் தேதியை முடிவு செய்யும் முன் வீட்டில் தொங்கும் நாள்காட்டியை எடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தமா என்று பாருங்கள். மதுரையில் அறை தட்டுப்பாட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளைவிடக் கல்யாணங்கள்தான் பெரிய காரணம். முகூர்த்த ஞாயிறு என்றால் மண்டபத்துக்கு அருகிலுள்ள விடுதிகளில் பத்து, இருபது அறைகளை மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ மாதங்களுக்கு முன்பே மொத்தமாக எடுத்துவிடுவார்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் இது அதிகம். சனிக்கிழமை மாலை வந்து அறை தேடினால், மிச்சமிருப்பது யாரும் வேண்டாமென்று விட்ட அறையாகவோ, இரட்டிப்பு வாடகை அறையாகவோதான் இருக்கும்.

கார்த்திகை முதல் தேதி தொடங்கித் தை முதல் வாரம் வரை சபரிமலை செல்லும் பக்தர்கள் மதுரை வழியாகப் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து வருபவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள குறைந்த வாடகை அறைகளையும் பெரிய கூட அறைகளையும் நிரப்பிவிடுவார்கள். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு அடுத்தடுத்து மூன்று நாட்கள் நடப்பதால் அப்போதும் நெருக்கடி. தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. அன்று அந்தப் பக்கம் போக்குவரத்தே மாற்றிவிடப்படும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளையும் தொடர் விடுமுறை வரும் வார இறுதிகளையும் சொல்லத் தேவையில்லை.

தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமென்றால், ஆடி மாதத்து வார இறுதி ஒன்றைப் பாருங்கள். கல்யாணம் இல்லாத மாதம். பேரம் பேச இடமிருக்கும். அழகர்கோவில் ஆடித் தேரோட்ட நாளை மட்டும் தவிர்த்தால் போதும். பள்ளி இருக்கும் காலத்தில் சனிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுப்பதைவிட, வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து வியாழன் இரவு கிளம்பி வருவது அறை வாடகையில் நல்ல வித்தியாசம் காட்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வர நினைக்கிறோம். குறைந்த வாடகையில் அறை கிடைக்குமா?

திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அதையடுத்துச் சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குதல் ஆகிய நாட்களில் குறைந்த வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் மட்டும் வருவதென்றால் ஆற்றங்கரையில் விடிய விடிய நின்றுவிடலாம். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் அது முடியாது. அவசியம் வரத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். அழகரைப் பார்ப்பதே நோக்கமென்றால் ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளம், கோரிப்பாளையம் பகுதியிலும், திருக்கல்யாணமும் தேரும்தான் நோக்கமென்றால் ஆற்றுக்குத் தெற்கே கோயில் பகுதியிலும் அறை எடுங்கள். அழகர் இறங்கும் நாளில் ஆற்றைக் கடந்து வாகனத்தில் போவது நடவாத காரியம். குடும்பத்தோடு வருபவர்களுக்கு எங்கள் யோசனை, கொடியேற்றத்துக்கு அடுத்த சில நாட்களில் வந்து, மாசி வீதிகளில் சுவாமி புறப்பாட்டைப் பார்த்துவிட்டுப் போவதுதான். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றாமலே பார்க்க முடியும்.

சத்திரம், கோயில் விடுதி, அரசு விடுதி, ரயில்வே அறை ஆகியவை குடும்பங்களுக்கு ஏற்றவையா?

ஏற்றவைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு.

மீனாட்சி அம்மன் கோயில் நிர்வாகத்தின் கீழ் பிர்லா விஸ்ரம் என்ற தங்கும் விடுதி இருக்கிறது. ஆடம்பரம் இல்லாத, கோயிலுக்கு அருகிலுள்ள இடம். முன்பதிவுக்குக் கோயிலின் அதிகாரபூர்வ இணையதளத்தையோ இந்து சமய அறநிலையத் துறையின் இணையதளத்தையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் "தமிழ்நாடு ஓட்டல்" மதுரையில் இரண்டு இடங்களில் உள்ளது: ஒன்று அழகர்கோவில் சாலையில், மற்றொன்று மேல வெளி வீதியில். முதலாவது தாராளமான இடவசதியோடு கார் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது; இரண்டாவது ரயிலில் வருபவர்களுக்கு. அரசு விடுதி என்பதால் முகூர்த்த நாளுக்காக வாடகையைத் திடீரென்று ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் குறைவு.

ரயில் நிலைய ஓய்வறைகளை ஐஆர்சிடிசி வழியாகப் பதிவு செய்யலாம். உறுதியான அல்லது ஆர்ஏசி பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும். அறைகள் சிலவே என்பதால் பயணச்சீட்டு உறுதியானவுடனே பதிவு செய்துவிடுவது நல்லது. அதிகாலை வந்து, குளித்து, தரிசனம் முடித்து, அன்றிரவே திரும்பும் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இரண்டு நாள் தங்குவதற்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம். அறிவிப்பு ஒலியில் குழந்தைகள் தூங்குவது சிரமம்.

பல சமூகத்தார் நடத்தும் சத்திரங்களும் மடங்களும் கோயிலைச் சுற்றி இருக்கின்றன. ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரத்தின் காலத்திலிருந்து, வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்த ஊரில் அறமாகவே இருந்து வந்திருக்கிறது. இப்போது சிலவற்றில் அந்தந்தச் சமூகத்தாருக்கு மட்டும், சிலவற்றில் அறிமுகக் கடிதம் இருந்தால், சிலவற்றில் எல்லோருக்கும் என்று வழக்கம் மாறுபடுகிறது. அசைவ உணவை உள்ளே கொண்டுபோகக் கூடாது, இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கதவு திறக்க மாட்டார்கள் என்பன போன்ற விதிகள் இருக்கும். முன்கூட்டியே கேட்டு, ஒத்துவந்தால் மட்டும் போங்கள்.

செயலியில் பதிவு செய்வதா, நேரடியாகத் தொலைபேசியில் பேசுவதா, வந்து பார்த்து எடுப்பதா?

செயலியில் தேடுங்கள், தொலைபேசியில் பேசுங்கள், பிறகு எது மலிவோ அதில் பதிவு செய்யுங்கள். செயலி நிறுவனத்துக்கு விடுதி கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால், நேரடியாகக் கேட்பவருக்கு வாடகையைக் குறைக்கவோ, பிள்ளைக்கு மெத்தையை இலவசமாகக் கொடுக்கவோ பலர் தயாராக இருக்கிறார்கள். மறுபக்கம், இலவசமாக ரத்து செய்யும் வசதி செயலியில்தான் தெளிவாக இருக்கும். குழந்தைக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று சொல்ல முடியாத வீட்டில் அந்த வசதிக்கு மதிப்பு உண்டு.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரக் கணக்கைப் பார்க்காமல், கடந்த ஆறு மாதத்தில் குடும்பத்தோடு தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். வரவேற்பறைப் படங்களைவிட, தங்கியவர்கள் எடுத்துப் போட்ட குளியலறைப் படங்கள் உண்மையைச் சொல்லும்.

தேடுபொறியில் விடுதியின் பெயரைப் போட்டதும் வரும் எல்லா எண்களும் அந்த விடுதியுடையவை அல்ல. விடுதி, குறிப்பாகக் கோயில் விடுதி, பெயரில் போலி எண்ணை வைத்து, முழு வாடகையையும் யுபிஐ மூலம் முன்பணமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பணம் அனுப்புமுன் விடுதியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வாடகைக்கு மேல் முன்பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

ரயில் நிலைய வாசலில் "நல்ல ரூம் இருக்கு, வந்து பாருங்க" என்று கூடவே வருபவர்களுக்கும், நீங்கள் சொல்லும் லாட்ஜில் இடமில்லை என்று சாதிக்கும் ஆட்டோக்காரருக்கும் போகும் கமிஷன் உங்கள் வாடகையில்தான் சேரும். மரியாதையாக மறுத்துவிட்டு நடந்து போங்கள்.

சொன்ன வாடகைக்கு மேல் வரி வருமா?

வரும். நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. ஆகவே ரூ.1,800 அறைக்கு வரி ரூ.90. இன்னும் 12 சதவீதம் போட்ட பில்லை யாராவது நீட்டினால் சுட்டிக்காட்டுங்கள். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறிய லாட்ஜ் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்க முடியாது; வரி வாங்கினால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசும்போதே "வரி சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

வயதானவர்கள் வருகிறார்கள். தொலைபேசியில் என்னென்ன கேட்க வேண்டும்?

லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். லிஃப்ட் சாலை மட்டத்திலிருந்தே தொடங்குகிறதா என்று கேளுங்கள். நகரின் நடுப்பகுதியில் கீழே கடைகளும் மேலே விடுதியுமாக இருக்கும் கட்டடங்களில், வரவேற்பறைக்கே பதினைந்து இருபது படி ஏறி, அங்கிருந்துதான் லிஃப்ட் பிடிக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு அந்த முதல் படிக்கட்டுதான் மலை. அடுத்து, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறையா என்று கேளுங்கள். குறைந்த வாடகை அறைகளில் இன்னும் இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள இடங்கள் இருக்கின்றன. வெந்நீர் கீசரில் வருகிறதா, காலையில் குறிப்பிட்ட நேரம் மட்டும் குழாயில் விடுகிறார்களா என்பதும் முக்கியம். அதிகாலை தரிசனத்துக்கு நான்கரை மணிக்குக் குளிப்பவர்களுக்கு "ஆறு முதல் ஒன்பது வரை வெந்நீர்" என்ற பலகையால் பயனில்லை.

விடுதியில் பார் உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள். நடுத்தர விடுதிகள் பலவற்றில் கீழ்த்தளத்தில் பார் இருக்கும். சனிக்கிழமை இரவு பெண்களும் பிள்ளைகளும் அந்த வழியாக வந்துபோவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. இருந்தால், மேல் தளத்தில் உள்பக்க அறையாகக் கேளுங்கள்.

அறைக்குள் போனதும் உடனே பார்க்க வேண்டியவை எவை?

பணம் கட்டுமுன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். ரூம் பாய் சாவியோடு முன்னால் போய் விளக்கையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு, "நல்ல ரூம் சார்" என்று வாசலில் நிற்பார். நீங்கள் நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா, தரையில் விட்ட தண்ணீர் வடிகிறதா, கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா என்று பாருங்கள். பிறகு போர்வையை விலக்கிப் படுக்கை விரிப்பைப் பாருங்கள். மாற்றித் தரச் சொன்னால் மாற்றித் தருவார்கள், சொல்லாவிட்டால் மாட்டார்கள். சன்னல் கம்பி வலையில் ஓட்டை இருந்தால் மாலையில் கொசு உறுதி. ஏசி அறை என்றால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் பால்கனிக் கைப்பிடியின் உயரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காலை உணவு சேர்ந்த அறை எடுப்பது லாபமா?

மதுரையில் பெரும்பாலும் இல்லை. விடிவதற்கு முன்பே இட்லி கிடைக்கும் ஊர் இது. நள்ளிரவுக்கு மேலும் கிடைக்கும். ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரை நடந்தால் சைவ உணவகங்களுக்குக் குறைவே இல்லை. உணவுக்கென்று கூடுதலாகக் கேட்கும் தொகையில் ஆறு பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு ஜிகர்தண்டாவும் வாங்கித் தரலாம்.

சொந்தக் காரில் வருகிறோம். கோயிலுக்கு அருகே விடுதியில் காரை நிறுத்த முடியுமா?

மாரட் வீதி, மாசி வீதிப் பக்கத்து விடுதிகள் பலவற்றுக்குச் சொந்த நிறுத்துமிடம் இல்லை. "பார்க்கிங் உண்டு" என்று அவர்கள் சொல்வது சில நேரம் விடுதி வாசல் சாலையைத்தான். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் வடக்கு ஆவணி மூல வீதியில் இருக்கிறது. திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, கீழடி என்று சுற்றும் திட்டமிருந்தால், கார் வைத்திருப்பவர்கள் நகரின் நெரிசலுக்கு வெளியே தங்கி, கோயிலுக்கு மட்டும் ஆட்டோவிலோ பேருந்திலோ போய்வருவது மன அமைதிக்கு நல்லது. திருப்பரங்குன்றம் சுமார் எட்டு கிலோமீட்டர், கீழடி அருங்காட்சியகம் சுமார் பன்னிரண்டு, அழகர்கோவில் சுமார் இருபத்தொன்று.

இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர்கள் எங்களோடு வருகிறார்கள். ஒரே விடுதியில் தங்கலாமா?

தங்கலாம், ஆனால் முன்பே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால், விடுதி 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தை ("சி படிவம்" என்று சொல்லப்பட்டு வந்தது) இணையம் வழியாக அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த வசதியில்லாத சிறிய லாட்ஜ்கள் அவர்களை ஏற்க மறுத்துவிடும். தமிழ் பேசுகிறார், சொந்த அத்தை, நாங்கள் பொறுப்பு என்று எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று வேறு விடுதி தேடும் நிலை வராமல் இருக்க, கடவுச்சீட்டு, விசா பக்கங்களின் நகலை முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். மற்றவர்களைப் பொறுத்தவரை, பெரியவர்கள் எல்லோருமே ஆதார் போன்ற முகவரியுள்ள அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள்.

விடுதி சொன்னபடி நடக்கவில்லை என்றால் யாரிடம் முறையிடலாம்?

முதலில் மேலாளரிடம். ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்தால் பாதிக்கு மேற்பட்ட பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

ஞாயிறு காலையில் அறையைக் காலி செய்துவிட்டால், இரவு வண்டி வரை பைகளை எங்கே வைப்பது?

தங்கிய விடுதியிலேயே கேளுங்கள். வரவேற்பறைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. நகை, பணம், மருந்து, பயணச்சீட்டு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பையைப் பூட்டிக் கொடுங்கள். ரயிலில் போகிறவர்கள் பயணச்சீட்டைக் காட்டி நிலையத்தின் பொருள் வைப்பறையிலும் வைக்கலாம்; பூட்டில்லாத பையை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஒரு சிறு பூட்டை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். அந்தப் பகல் பொழுதைப் பிள்ளைகளோடு கழிக்க, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு நல்ல இடம். குளிர்ச்சியான கட்டடம், நுழைவுக் கட்டணமும் இல்லை.